கிளிப்பர் புரோகிராமிலிருந்து நெட்வேர் சர்வரைக் கட்டுப்படுத்தும் ஃபங்ஷன்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

டாஸ் காலத்துத் தரவுத்தள நிரல் மொழியான கிளிப்பரில் எழுதிய கணக்கு, இருப்பு, பில் புரோகிராம்களை, பல கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் நாவெல் நெட்வேர் சர்வரில் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறேன். கிளிப்பருக்கு சர்வரைப் பற்றித் தானாக எதுவும் தெரியாது. கோப்பைப் பகிர்ந்து திறக்கும், லாக் போடும், அவ்வளவுதான். அதற்கு மேல் சர்வரிடம் ஏதாவது கேட்கவோ சொல்லவோ வேண்டுமென்றால் தனியாக ஒரு லைப்ரரியை (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பை) லிங்க் செய்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட லைப்ரரிகள் பல பெயர்களில் வந்தன. டாஸ் காலத்து லைப்ரரிகள் உள்ளே ஒரே வேலையைத்தான் செய்தன: இண்டரப்ட் 21 என்ற டாஸ் அழைப்பு வழியாக, நிலையத்தில் (பயனரின் கணினியில்) ஓடும் நெட்வேர் ஷெல்லிடம் கோரிக்கையைக் கொடுத்து, வரும் பதிலைக் கிளிப்பர் வேரியபிளில் போட்டுத் தருவது. அதனால் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு விமர்சிப்பதைவிட, அந்த ஃபங்ஷன்களை வகை வகையாகப் பார்ப்பதுதான் பயன்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லைப்ரரிகளின் விளம்பரத்தில் பெரிதாக வந்தவை சர்வரை நிறுத்துவது, ஆட்களை வெளியேற்றுவது போன்ற அதிகார ஃபங்ஷன்கள். நாள்தோறும் சோறு போட்டவை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் சின்ன ஃபங்ஷன்கள்.

உதாரணத்துக்கு, ரெக்கார்டு லாக், அதாவது ஒருவர் திருத்தும் பதிவை மற்றவர் மாற்றாதபடி பூட்டுவது. கிளிப்பரின் ஆர்லாக்() தோற்றால் பொய் என்று மட்டும் திரும்பும். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லாது. திரையில் ‘ரெக்கார்டு வேறொருவரிடம் உள்ளது’ என்று போட்டால், பில் போடுகிறவர் அலுவலகம் முழுக்க ஒவ்வொரு மேசையாகப் போய் ‘நீங்களா, நீங்களா’ என்று கேட்க வேண்டியதுதான். நெட்வேரில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கனெக்‌ஷன் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால், லாகின் செய்திருப்பவர் பெயரையும் எந்த நேரத்தில் லாகின் செய்தார் என்பதையும் சர்வர் சொல்லிவிடும். இதைக் கேட்க சிறப்பு உரிமை எதுவும் வேண்டாம். சாதாரணப் பயனரே கேட்கலாம்.

நான் செய்தது இதுதான். ரெக்கார்டை லாக் செய்தவுடன் தன் கனெக்‌ஷன் எண்ணையும் லாகின் நேரத்தையும் ஒரு சிறிய டி.பி.எஃப். கோப்பில் (கிளிப்பரின் தரவுக் கோப்பு வகை) எழுதிவிட வேண்டும். இன்னொருவருக்கு லாக் கிடைக்காதபோது, புரோகிராம் அந்தக் கோப்பைப் பார்த்து, அதில் உள்ள எண்ணை சர்வரிடம் கொடுத்துப் பெயரை வாங்கித் திரையில் காட்டும். லாகின் நேரம் எதற்கு என்றால், கனெக்‌ஷன் எண்கள் மறுபடி மறுபடி வேறு ஆட்களுக்குப் போகும். எண் மட்டும் ஒத்துப்போய் நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் அது பழைய குறிப்பு, தள்ளிவிடலாம். இரண்டே ஃபங்ஷன்கள். அதற்குப் பிறகு ‘ரெக்கார்டு வரவில்லை’ என்ற தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய நின்றே போயின. ஒரு லைப்ரரியில் இந்த இரண்டு மட்டும் இருந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

லாக் விவரத்தை சர்வரிடமே நேரடியாகக் கேட்கும் ஃபங்ஷன்களும் உண்டு. ஆனால் அவற்றுக்குக் கன்சோல் ஆபரேட்டர் (சர்வரை இயக்கும் அதிகாரம் பெற்றவர்) உரிமை வேண்டும், எனவே நிர்வாகி பயன்படுத்தும் மெனுவில் மட்டும் வைத்தேன். வரும் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. கிளிப்பர் ரெக்கார்டு இருக்கும் உண்மையான இடத்தை லாக் செய்வதில்லை. கோப்பில் 100 கோடியாவது பைட்டுக்கு அப்பால், ரெக்கார்டு எண்ணைக் கூட்டி, அந்த ஒரு பைட்டை லாக் செய்யும். மற்றவர்கள் ரெக்கார்டைப் படிப்பது தடைபடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே பட்டியலில் 1000004512 என்று வந்தால் 100 கோடியைக் கழித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டிருப்பது 4512ஆவது ரெக்கார்டு.

அடுத்து செமஃபோர். இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஒரு பெயரைச் சொல்லி செமஃபோரைத் திறந்தால், அதை இப்போது எத்தனை நிலையங்கள் திறந்து வைத்திருக்கின்றன என்று சர்வர் எண்ணிச் சொல்லும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் புரோகிராமில் இருக்கிறார்கள் என்று பார்க்க, மாதக் கடைசி கணக்கு முடிப்பை இரண்டு பேர் ஒரே சமயத்தில் தொடங்காமல் தடுக்க, உரிமம் வாங்கிய எண்ணிக்கையைக் கண்காணிக்க, எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கோப்பில் கொடி வைத்துக் காரியம் செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: மின்சாரம் போனால் கொடி அப்படியே நின்றுவிடும், யாராவது போய் அழிக்க வேண்டும். செமஃபோர் அப்படியில்லை, கனெக்‌ஷன் அறுந்தால் சர்வரே விடுவித்துவிடும்.

ஆனால் உடனே விடுவிக்காது. நிலையம் செத்துவிட்டது என்று சர்வர் முடிவு செய்ய நேரம் எடுக்கும். நிலையம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் வாட்ச்டாக் பாக்கெட் முதலில் போவதற்கு ஏறக்குறைய 5 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு ஒன்றாக 10 முறை. இயல்பான அமைப்பில் கிட்டத்தட்ட 15 நிமிடம் ஆகும். கணினியை ரீசெட் செய்துவிட்டு உடனே உள்ளே வந்தவருக்கு ‘நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’ என்று புரோகிராம் சொன்னால் காரணம் இதுதான். இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துச் செய்தியை எழுதினால் குழப்பம் வராது.

செய்தி அனுப்பும் ஃபங்ஷன்களில் எச்சரிக்கை தேவை. நெட்வேரில் ஒரு செய்தி வந்தால் டாஸ் திரையின் கடைசி வரியில் தோன்றும், கண்ட்ரோல்-எண்டர் அழுத்தும்வரை அந்தக் கணினி அசையாது. ஆள் உட்கார்ந்திருக்கும் மேசையில் பரவாயில்லை. இரவில் தனியாக அறிக்கை அச்சிட்டுக்கொண்டிருக்கும் கணினிக்கு அந்தச் செய்தி போனால் காலைவரை அப்படியே நிற்கும். இதற்கு நல்ல வழி, செய்தி பெறும் முறையை மாற்றும் ஃபங்ஷன். அதில் 3 என்ற முறையை வைத்தால் சர்வர் செய்தியைத் திரையில் தள்ளாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். புரோகிராம் தனக்கு வசதியான நேரத்தில் கேட்டு வாங்கி, தன் சொந்தக் கட்டத்தில் காட்டலாம். புரோகிராம் முடியும்போது பழைய முறைக்குத் திருப்பிவிட வேண்டும். இந்த ஒரு ஃபங்ஷன் இல்லாத லைப்ரரியில் செய்தி வசதியையே தொடாதீர்கள்.

டி.டி.எஸ். என்கிற பரிவர்த்தனைக் கண்காணிப்பு, டி.பி.எஃப். உலகத்தில் கிடைத்த பெரிய வரம். கோப்புக்கு அதற்கான பண்பைக் கொடுத்துவிட்டு, தொடக்கம், முடிவு என்று இரண்டு அழைப்புகளுக்குள் எழுதினால், நடுவில் மின்சாரம் போனாலும் பாதி எழுதியதை சர்வர் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். பில் தலைப்பு இருக்கிறது, வரிகள் இல்லை என்ற நிலைமைக்கே இடமில்லை. மூன்று விஷயங்களைக் கவனித்தால் இது நன்றாக உழைக்கும். கிளிப்பர் தன் பஃபரில் கொஞ்சம் வைத்துக்கொள்ளும், ஆகவே முடிவு அழைப்புக்கு முன் கமிட் (பஃபரில் உள்ளதை எழுதிவிடும் கட்டளை) கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம், நீங்கள் அன்லாக் செய்தாலும் பரிவர்த்தனை முடியும்வரை சர்வர் லாக்கை விடாது. எனவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே பயனரிடம் எந்தக் கேள்வியும் கேட்கக்கூடாது. மூன்றாவது, சிஸ் வால்யூமில் (சர்வரின் முதன்மை வட்டுப் பகுதியில்) இடம் தீர்ந்தால் சர்வர் டி.டி.எஸ்.ஸை அணைத்துவிடும். டி.டி.எஸ். இருக்கிறதா என்று கேட்கும் ஃபங்ஷனைப் புரோகிராம் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் கூப்பிட்டால் போதாது, முக்கியமான ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் கேட்பது நல்லது.

அச்சு வரிசை ஃபங்ஷன்கள் சொன்னதைச் செய்தன. வரிசையைத் தேர்ந்தெடுப்பது, பிரதிகளின் எண்ணிக்கை, முகப்புத்தாள் வேண்டுமா என்பதெல்லாம் அச்சை வரிசைக்குத் திருப்பும் கேப்சர் கட்டளையை வெளியிலிருந்து ஓட்டாமலே முடிந்தது. கிளிப்பருக்கு நினைவகம் எப்போதும் நெருக்கடி என்பதால் இதுவே பெரிய சேமிப்பு.

இப்போது அதிகார ஃபங்ஷன்கள். இவற்றில் மனதார நான் பரிந்துரைப்பது ஒன்றைத்தான்: புது லாகினைத் தடுப்பது. பேக் (அழித்த ரெக்கார்டுகளை நீக்குவது), ரீஇண்டெக்ஸ் (தேடலுக்கான இண்டெக்ஸை மறுபடி கட்டுவது) இரண்டுக்கும் கோப்பு முழுதாக ஒருவர் கையில் இருக்க வேண்டும். பராமரிப்பு தொடங்குமுன் லாகினைத் தடுத்து, உள்ளே இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பி, செமஃபோர் எண்ணிக்கை ஒன்றுக்கு இறங்கும்வரை காத்திருந்து, பிறகு வேலையைத் தொடங்கி, முடிந்ததும் லாகினைத் திறந்துவிடலாம். வேலை நடுவில் புரோகிராம் விழுந்தாலும் லாகின் திறக்கப்படும்படி பிழை கையாளும் பகுதியிலும் அந்த அழைப்பை வைக்க வேண்டும். மறந்தால் காலையில் யாராலும் உள்ளே வர முடியாது.

கனெக்‌ஷனை வெட்டும் ஃபங்ஷனை டி.பி.எஃப். புரோகிராம்களில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சர்வரைப் பொறுத்தவரை அது வெறும் கோப்புகளைக் கொடுக்கும் இடம். இண்டெக்ஸ் மரத்தை மாற்றி எழுதுவது நிலையத்தில் ஓடும் கிளிப்பர். அந்த நிலையத்தை நடுவில் வெட்டினால், மரத்தின் ஒரு பக்கம் எழுதப்பட்டும் மறுபக்கம் எழுதப்படாமலும் என்.டி.எக்ஸ். என்ற இண்டெக்ஸ் கோப்பு நிற்கும். டி.டி.எஸ். பண்பு கொடுக்காத கோப்பென்றால் திருப்பவும் வழியில்லை. கெட்டுப்போனது அப்போதே தெரிந்தாலாவது பரவாயில்லை. சில நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் பெயர் தேடலில் வராதபோதுதான் தெரியவரும். சர்வரை இறக்கும் ஃபங்ஷனுக்கும் தரவுப் புரோகிராமில் இடமில்லை. யு.பி.எஸ். கண்காணிக்கும் தனிப் புரோகிராமில் இருந்தால் போதும்.

உரிமை தேவைப்படும் ஃபங்ஷன்களுக்காக சூப்பர்வைசர் பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இ.எக்ஸ்.இ. கோப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்த யாரும் அதைப் படித்துவிடலாம். அந்த வேலைகளுக்குத் தனிப் பயனரை உண்டாக்கி, கன்சோல் ஆபரேட்டர் உரிமை மட்டும் கொடுத்து, பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குவதே சரி. லாகின் ஃபங்ஷன் விஷயத்தில் இன்னொன்று: நெட்வேர் 3இல் பாஸ்வேர்டு மறையாக்கம் செய்யப்பட்டே போகும். பழைய லைப்ரரிகள் மறையாக்கம் செய்யாமல் அனுப்பும், சர்வர் மறுத்துவிடும். கன்சோலில் அதை அனுமதிக்க ஓர் அமைப்பு உண்டு. ஒரு லைப்ரரிக்காக அதைத் திறந்துவிடுவதைவிட லைப்ரரியை மாற்றுவது மேல்.

நல்ல லைப்ரரியையும் மோசமானதையும் பிரித்தறிய என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. சர்வர் தரும் முடிவு எண்ணை அப்படியே கையில் கொடுக்கிறதா, அல்லது மெய், பொய் என்று சுருக்கிவிடுகிறதா? நெட்வேர் தெளிவாகப் பேசும். 0 என்றால் வெற்றி. 252 என்றால் அப்படி ஒரு பயனரோ குழுவோ இல்லை. 198 என்றால் கன்சோல் உரிமை இல்லை. 223 இன்னும் சுவையானது: லாகின் ஆகிவிட்டது, ஆனால் பாஸ்வேர்டு காலாவதி ஆகிவிட்டது, சலுகையில் உள்ளே விட்டிருக்கிறேன் என்று பொருள். இதைப் பொய் என்று சுருக்கும் லைப்ரரி, உள்ளே வந்துவிட்டவரை வரவில்லை என்று சொல்லும்.

1993இல் நெட்வேர் 4 வந்தபோது இந்த லைப்ரரிகள் ஆட்டம் கண்டன. பயனர் விவரங்கள் பைண்டரி என்ற சர்வரின் பயனர் பட்டியலிலிருந்து டைரக்டரி சேவைக்குப் போயின. பழைய ஃபங்ஷன்களுக்காகப் பைண்டரி போலவே காட்டும் வசதி இருந்தது, ஆனால் குறிப்பிட்ட சூழலுக்குள் இருக்கும் பயனர்கள் மட்டுமே அதில் தெரிவார்கள். கனெக்‌ஷன் எண்ணை ஒரே பைட்டில் வாங்கிய பழைய அழைப்புக்கு இன்னொரு சிக்கல். நெட்வேர் 3.11இல் 250 பேர்தான் உச்சம், ஒரு பைட் போதும். நெட்வேர் 4இல் 1000 பேர்வரை வரலாம், 255க்கு மேல் எண் வந்தால் ஒரு பைட்டில் அடங்காது. மாறிய அழைப்புகளோடு புதிய பதிப்பு வெளியிட்ட லைப்ரரிகள் பிழைத்தன.

இன்று கிளிப்பர் நிரல்களை, கிளிப்பருக்கு இணக்கமான கம்பைலரான ஹார்பருக்குக் கொண்டுபோகிறவர்கள் பலர். மொழி அப்படியே வரும், இண்டரப்ட் 21 அழைப்புகள் வராது. ஹார்பரில் உள்ள நெட்.ஐ.ஓ. என்ற நெட்வொர்க் வசதி இந்த இடத்தை நன்றாகவே நிரப்புகிறது. இயல்பாக 2941 போர்ட்டில் ஓடும். கோப்பின் பெயருக்கு முன் ‘நெட்:’ சேர்த்தால் தொலைவில் உள்ள டி.பி.எஃப். திறக்கும். அதைவிட முக்கியம், சர்வரில் உள்ள ஃபங்ஷனை நிலையத்திலிருந்து அழைக்கலாம், எவற்றை அழைக்கலாம் என்பதை சர்வர் பக்கமே வரையறுக்கலாம். பழைய ‘யார் பிடித்திருக்கிறார்’ ஃபங்ஷனை இதில் நாமே எழுதிக்கொள்ள முடியும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வருக்கே போய்விட்டால் ஏறக்குறைய எல்லாமே உள்ளேயே கிடைக்கும். பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சியில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். 2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து, ஒருவரைத் தடுத்து நிறுத்தியிருப்பவர் யார் என்று ஒரே ஃபங்ஷன் சொல்லிவிடும். அட்வைசரி லாக் (புரோகிராமே தன் தேவைக்குப் போடும் பூட்டு) நம் பழைய செமஃபோர் வேலைகளில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும், செஷன் முடிந்தால் தானாக விடுபடும். நோட்டிஃபை கட்டளை செய்தி அனுப்பும், வாங்குகிறவரை முடக்காது. அங்கே கனெக்‌ஷனை வெட்டுவதற்கும் நான் பயப்படுவதில்லை. எழுதுவது சர்வரே என்பதால், பாதியில் வெட்டினால் அந்தப் பரிவர்த்தனையை அது சுத்தமாகத் திருப்பிவிடும்.

பழைய நிரலை இடம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர்களை நிரல் முழுக்கத் தூவி வைக்காதீர்கள். யார் உள்ளே, யாரிடம் லாக், எத்தனை பேர், செய்தி அனுப்பு, லாகினை மூடு, லாகினைத் திற என்று ஆறு சொந்த ஃபங்ஷன்களை எழுதி, லைப்ரரி அழைப்புகளை அவற்றுக்குள் மட்டும் வையுங்கள். நெட்வேர் 3இலிருந்து 4க்கும், அங்கிருந்து ஹார்பருக்கும் நான் மாறியபோது தொட வேண்டியிருந்தது அந்த ஒரு கோப்பை மட்டும்தான்.