எரர் காயினா, அடிபட்ட காயினா?

ஓரம் குறைந்த ஒரு ரூபாயோ, எழுத்து இரண்டாகத் தெரியும் ஐந்து ரூபாயோ, எது கைக்கு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: உலோகம் எப்போது நகர்ந்தது? நாணயச்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன் நகர்ந்திருந்தால் அது எரர், அதாவது சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தரும் பிழை. பிறகு நகர்ந்திருந்தால் சேதம், அதற்கு முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா கிடையாது.

சேலத்துக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் எவர்சில்வர் தகடு மட்டும் தயாராவதில்லை. நாணய வில்லையும் (அச்சு விழுவதற்கு முந்தைய வட்டத் தகடு) பாத்திர வில்லையும் வெட்டும் பிரிவும் அங்கே உண்டு. அதன் திறன் ஆண்டுக்கு 3,600 டன். வில்லை வெட்டுவது ஒரு வேலை, அதன் விளிம்பைத் தூக்குவது ஒரு வேலை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நாணயச்சாலைகளில் அச்சு செய்து அடிப்பது இன்னொரு வேலை. உண்மையான பிழை இந்த மூன்றில் ஒன்றில் பிறந்திருக்கும். மூன்றிலும் பொருத்த முடியாத 'பிழை' யாரோ ஒருவரின் பட்டறையில் பிறந்தது.

லென்ஸ் வாங்கும் முன் தராசு வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகளில் இருப்பதுபோல 0.01 கிராம் காட்டும் தராசு போதும். ரூபாய் குறியீட்டோடு 2011-இல் வந்த வரிசையில் (2019-இல் வந்த புது வரிசைக்கு எடை வேறு) ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85, பித்தளை நிற ஐந்து ரூபாய் 6.00, பத்து ரூபாய் 7.71 கிராம். நாணயத்துக்கு நாணயம் கொஞ்சம் கூடும் குறையும். அதனால் அதே ஆண்டு நாணயம் பத்தை எடைபோட்டுச் சராசரி எடுத்து, சந்தேக நாணயத்தை அதோடு ஒப்பிடுங்கள்.

கிளிப்பா, அரம் போட்டதா?

அதிகம் ஏமாறுவது இதில்தான். தகடு சரியான தூரம் நகராமல் வெட்டும் உளி முந்தைய ஓட்டையின்மேல் இறங்கினால், வில்லையில் பிறை வடிவில் ஒரு துண்டு இருக்காது. இதுதான் கிளிப். அந்தக் குறையுள்ள வில்லை விளிம்பு தூக்கும் இயந்திரத்தில் உருளும்போது, குறை இருக்கும் இடத்தில் அழுத்தம் விழாது. அதனால் நேர் எதிர்ப் பக்கத்திலும் அழுத்தம் தளர்ந்துவிடும். ஆகவே உண்மையான கிளிப்பில் குறைக்கு நேர் எதிரே விளிம்பு மெலிந்தோ மழுங்கியோ இருக்கும். குறையை ஒட்டிய எழுத்துகளைப் பாருங்கள். அச்சு இறங்கும்போது உலோகம் காலி இடத்தை நோக்கி வழிந்திருப்பதால், எழுத்தின் கால்கள் அந்தப் பக்கமாக இழுபட்டு மங்கும்.

அரத்தாலோ ரம்பத்தாலோ வெட்டியதில் எழுத்து முழு உயரத்தில் நின்று, பிளேடால் அறுத்ததுபோல் சட்டென்று முடியும். எதிர் விளிம்பு திடமாக இருக்கும். வெட்டு முகத்தில் ஒரே திசையில் இணைகோடுகள் ஓடும். எடை இரண்டிலும் குறையும் என்பதால் தராசு இங்கே தீர்ப்புச் சொல்லாது, எதிர் விளிம்புதான் சொல்லும். அதைப் படத்தில் காட்டாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

ஒட்டி அடித்ததா, வைஸில் நசுக்கியதா?

அடித்த நாணயம் வெளியே விழாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் அதன் படம் குழியாகவும் இடவலம் மாறியும் பதியும். ஆங்கிலத்தில் புரோக்கேஜ் என்பார்கள். ஒரு முகத்தில் சிங்கம் புடைப்பாக இருந்தால் மறுமுகத்திலும் அதே சிங்கம், ஆனால் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். மதிப்பு எண் எங்கும் இருக்காது.

போலி எப்படி? இரண்டு நாணயத்தைச் சேர்த்து வைஸில் இறுக்குவார்கள். குழி விழும், ஆனால் அடியில் இருந்த எண்ணின் நிழல் போகாது. லென்ஸைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் '2'-இன் வளைவோ ரூபாய் குறியீட்டின் கோடோ தெரியும். பின்பக்கம் சிங்கத்தின் மூக்கும் பிடரியும் தட்டையாகிப் பளபளக்கும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலே போதும், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காலர் இல்லாமல் அடித்ததா, தண்டவாளத்தில் வைத்ததா?

இரண்டிலும் நாணயம் அகன்றிருக்கும், இரண்டிலும் எடை மாறாது. அடிக்கும்போது வில்லையைச் சுற்றிப் பிடிக்கும் காலர் வளையம் இல்லாமல் அடித்ததில் ஓரம் மட்டும் பரவி விளிம்பு வழவழப்பாகிவிடும். நடுவில் உள்ள எண் சரியான அளவிலேயே இருக்கும். ரயில் ஏறியதில் படமே நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். நல்ல நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எண்ணின் உயரத்தைக் காலிப்பரால் அளந்தால் அரை நிமிட வேலை.

எழுத்து இல்லாமல் போனது: அச்சின் குழியில் கிரீஸும் தூசும் அடைத்தால் எழுத்து விழாது. ஆனால் சிங்கத்தின் முகம் கூர்மையாக இருக்கும், எழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் புது மினுமினுப்பு இருக்கும். தேய்மானம் மேடான இடத்தில்தான் தொடங்கும். முகம் மழுங்கி எழுத்தும் போயிருந்தால் அது பஸ் கண்டக்டர் பையில் கழிந்த ஆயுள், அவ்வளவுதான்.

ஆசிட் வேலை தனி ரகம். வெள்ளிப் பட்டறைகளில் புழங்கும் நைட்ரிக் ஆசிட் பித்தளையையும் பழைய கியூப்ரோநிக்கலையும் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) தின்னும், எவர்சில்வரை அசைக்காது. மெலிந்து, எழுத்து சோப்புக்கட்டிபோல் வழுக்கி, எடையும் குறைந்த பழைய ஐந்து ரூபாயை 'மெல்லிய வில்லை எரர்' என்று விற்பார்கள். அந்த கியூப்ரோநிக்கல் நாணயம் 9 கிராம் இருக்க வேண்டும். மெல்லிய வில்லையில் அடித்திருந்தால் எழுத்தின் ஓரமாவது கூராக நிற்கும்.

இரட்டை எழுத்தில் பெரும்பாலானவை அடித்த கணத்தில் அச்சு அதிர்ந்ததால் வந்தவை. எழுத்தின் ஓரம் படிக்கட்டுபோல் தட்டையாகச் சரிந்திருந்தால் இதுதான். ஆண்டு எண்ணில் இது சாதாரணமாகக் கிடைக்கும், காசு பெறாது. அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டு உருவமும் உருண்டையாக, முழு உயரத்தோடு, மூலையில் பிளவோடு நிற்கும்.

பத்து ரூபாயின் நடுவட்டம் கழன்றதையும் திரும்பியதையும் வைத்து நிறைய வியாபாரம் நடக்கிறது. வளையமும் நடுவட்டமும் ஒரே அடியில்தான் பூட்டிக்கொள்கின்றன. ரூபாய் குறியீடு உள்ள 2011 வரிசை நாணயத்தில் '10' என்ற எண் பாதி நடுவட்டத்திலும் பாதி வளையத்திலும் விழும். நடுவட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தும் எண் உடையாமல் தொடர்ந்தால் அசல் பிழை. எண் இரண்டாக முறிந்து, மூட்டில் கீறலும் இருந்தால் யாரோ தட்டிக் கழற்றித் திரும்பச் செருகியிருக்கிறார்கள்.

பிழையும் அல்ல, சேதமும் அல்ல என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலைக் குறி இல்லையா? கொல்கத்தாவில் அடித்தது, அங்கே குறி போடுவதில்லை. ஐந்து ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறதா? 2007-இல் எவர்சில்வரிலேயே அடித்தார்கள். பத்து ரூபாயில் குறியீடு இல்லையா? 2011-க்கு முந்தைய வடிவம். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொன்னது. 'ஒரு ரூபாய் வில்லையில் அடித்த இரண்டு ரூபாய்' என்று வருவதும் இதே கதைதான். 1992 முதல் 2011 வரிசைக்கு முன்புவரை வந்த ஒரு ரூபாயும் 2011-இன் இரண்டு ரூபாயும் ஒரே 25 மில்லிமீட்டர், ஒரே 4.85 கிராம். எதில் அடித்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உண்டியல் காசில் மஞ்சளும் எண்ணெயும் ஏறியிருந்தால் புளி, சபீனா பக்கமே போகாதீர்கள். தேய்த்த கோடு விழுந்துவிட்டால் உண்மையான பிழைக்கும் விலை பாதியாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கடைசியாக, அச்சே விழாத வெறும் வில்லை. வேறு ஊரில் இதற்கு மவுசு இருக்கலாம். எவர்சில்வர் வில்லை சர்வசாதாரணமாகப் புழங்கும் சேலத்தில் விட்டமும் எடையும் ஒத்துப்போனாலும், தூக்கிய விளிம்பு இல்லாவிட்டால் அதற்கு ஒரு டீக்காசுக்கு மேல் கொடுக்காதீர்கள்.