காலுறை இணை: ஒன்றன்பின் ஒன்றா, இரண்டும் சேர்த்தா?

ஐந்து சிறு ஊசிகளில் ஒரு காலுறையை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கும் பழைய முறையில் நூல் சிக்குவதில்லை. ஆனால் முதலாவதில் எத்தனை சுற்று பின்னினோம் என்று குறித்து வைக்காவிட்டால், இரண்டாவது அரை அங்குலம் நீண்டுவிடும்.

ஏறத்தாழ 100 செ.மீ. நீளமுள்ள ஒரே வட்ட ஊசியில் (வளையும் இழையால் இணைந்த இரு ஊசி முனைகள்) இரண்டையும் அருகருகே பின்னும்போது, குதிகாலுக்காகப் பின்னலை வளைக்கும் திருப்பமும் விரல் முனையில் கண்ணிகளைக் குறைப்பதும் இரண்டிலும் ஒரே சுற்றில் வந்துவிடுவதால் அளவு பிசகுவதில்லை. 100 கிராம் நூற்கண்டை முன்னதாகவே தராசில் நிறுத்து, 50 கிராம் வீதம் இரு உருண்டைகளாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாதிச் சுற்றின் முடிவிலும் ஊசியை ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் நூல்கள் முறுக்கிக்கொள்ளும். ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் திருப்பினால் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

முதன்முதலாகப் பின்னுபவருக்குப் பழைய முறையையே சொல்வேன். ஒற்றையாகவே நின்றுபோன காலுறைகளைப் பார்த்து வருந்திய நான், எனக்கு வட்ட ஊசியைத் தேர்ந்துகொண்டேன்.