ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையா, சொல்லாமல் கொள்ளாமலா?

தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய மூன்று ஊர்களில் உள்ள எங்கள் கணினி வகுப்புகளும் ஹட்டனில் இருக்கும் ஒரே சேவையகத்தை நம்பியிருக்கின்றன. இணைப்பு எப்படி இருக்கிறது என்று அறிய, சோதனைப் பொதிகளை, அதாவது சிறு தரவுத் துண்டுகளை, நாமே அனுப்பிப் பார்க்க வேண்டும். எப்போது அனுப்புவது என்பதில்தான் சிக்கல்.

எல்லாரும் முதலில் செய்வது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிங் போடுவது, அதாவது ஒரு பொதியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. எளிது, வரைபடமும் அழகாக வரும். ஆனால் எங்கள் கண்காணிப்புக் கேமரா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டாவது நிமிடத்தில் படங்களை மேலேற்றி ஒரு நிமிடத்துக்கு வழியை அடைத்துவிடும். 0, 5 என்று போகும் பிங் அதை ஒருநாளும் பார்க்கவில்லை. தோட்டத்துரை தினமும் எட்டு மணிக்கே மலைக்கு வந்தால், எட்டு மணி வேலையைத்தான் பார்ப்பார்.

இதற்கு மாற்று, இடைவெளிகளைத் தற்செயலாக விடும் பாய்சான் முறை. 1998இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்.எஃப்.சி. 2330 பரிந்துரைத்தது இதைத்தான். எங்களுக்குச் சராசரி இடைவெளி ஐந்து நிமிடம், அடுத்தது எப்போது என்பது மட்டும் தெரியாது. கேமரா இரண்டே நாளில் அகப்பட்டது. குறையும் உண்டு. இருபது நிமிடத்துக்கும் நீளமான வெற்றிடம் நாளுக்குச் சராசரியாக ஐந்து முறை விழும். அதற்குள் இணைப்பு அறுந்து மீண்டால் தெரியவே தெரியாது. அதனால் நான் நாலரை முதல் ஐந்தரை நிமிடத்துக்குள் ஏதோ ஒரு கணம் என்று வைத்திருக்கிறேன். இரண்டின் நன்மையும் ஓரளவு கிடைக்கிறது.

பிங்குக்கு இது போதும். வேகச் சோதனையின் கதை வேறு, அது வழியையே நிரப்பிவிடும். மூன்று நிலையங்களும் முழு மணிக்குச் சோதித்தபோது, மூன்றும் பகிரும் 30 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) இணைப்பில் ஒவ்வொன்றுக்கும் பத்துதான் வந்தது. மூன்று நாள் மூடுபனியைத் திட்டித் தீர்த்தேன். ஒரே தராசில் மூன்று பேர் கொழுந்துச் சாக்கைப் போட்டால் யாருடைய கிலோ தெரியும்?

இங்கே நேரத்தைக் கலைத்துப் போடுவதை விட முறை வைப்பதே சரி. வலையமைப்பை அளக்கும் மென்பொருளான பெர்ஃப்சோனாரின் நேர ஒதுக்கி பி-ஷெடியூலர், இரு முனைகளிலும் நேரத்தை முன்பதிவு செய்து, வேகச் சோதனைகள் மோதாமல் பார்த்துக்கொள்கிறது. கடிகாரங்கள் ஒத்துப்போனால் போதும். எங்கள் சிறிய வலையமைப்புக்கு அது பெரிய சட்டை. யாருடைய முறை என்று காட்டும் ஒரு டோக்கனைக் கணினிகளுக்கிடையே கைமாற்றிக்கொள்கிறோம், வைத்திருப்பவர் மட்டும் சோதிக்கலாம். ஒருநாள் டோக்கன் மஸ்கெலியாவில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மற்ற இருவரும் விடியும்வரை காத்துக்கிடந்தார்கள். இப்போது 90 நொடியில் பதில் வராவிட்டால் டோக்கன் அடுத்தவருக்குப் போய்விடும்.