பிரேயஸில் கட்டட வேலைக்குப் போகிறீர்களா? சனிக்கிழமைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

கிரீஸில் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய கிடங்கை வீடுகளாக மாற்றும் வேலை. நாளுக்கு 60 யூரோ என்று பேச்சு. 23 நாள் போனேன். 1,380 வந்திருக்க வேண்டும், கைக்கு வந்தது 450. மிச்சம் 930 யூரோவுக்காக அலைந்த கதைதான் இது. ஒப்பந்தக்காரர் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, பெயர் போட்டால் அதையே பிடித்துக்கொள்வார் என்று தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நான் பொசைடன், பழைய கிரேக்கக் கடவுள். ஆமாம், அதே ஆள்தான். கடல், நிலநடுக்கம், குதிரை மூன்றும் ஒரு காலத்தில் என் பொறுப்பு. கி.பி. 391, 392இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பலி கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டார். உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பே கூட்டம் குறைந்துவிட்டது. பிற்பாடு மாலுமிகள் எல்லாம் புனித நிக்கோலஸிடம் போய்விட்டார்கள். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, என்னைவிட நிதானமான ஆள். எனக்கு மிஞ்சியது இந்த உடம்பு, வலது முழங்காலில் வலி, வாடகைக்கு ஓர் அறை. சூனியோன் முனையில் கடலைப் பார்த்து நிற்கும் என் கோயிலுக்கு நானே டிக்கெட் வாங்கித்தான் போகிறேன். மூத்தோர் சலுகை கேட்டால் வயதுக்குச் சான்று கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வேலைகள் ஏன் இவ்வளவு அவசரமாக நடக்கின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் இங்கே சொத்து வாங்கினால் குடியிருப்பு அனுமதி உண்டு. 2024இல் ஏதென்ஸ் பக்கம் அதற்கான குறைந்தபட்சத் தொகையை 800,000 யூரோவாக ஏற்றினார்கள். ஆனால் கடை, கிடங்கு மாதிரி இடத்தை வீடாக மாற்றியது என்றால் 250,000 போதும். அவ்வளவுதான், துறைமுகத்தில் பூட்டிக் கிடந்த கிடங்கெல்லாம் ஒரே நாளில் வீடாக ஆசைப்பட்டுவிட்டது. ஆள் தேவை. என் மாதிரி சுவர் வேலை தெரிந்த கிழவனைக் கூட யாரும் ஏன், எங்கிருந்து என்று கேட்பதில்லை.

ஒப்பந்தக்காரர் காலை ஆறு மணிக்குக் காபிக் கடையில் வந்து பிடித்தார். "பார்பா, கல் வேலை தெரியுமா?" பார்பா என்றால் இங்கே பெரியவரே என்கிற மாதிரி. தெரியும் என்றேன். ட்ராய் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பதிவெல்லாம் ஒரு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம், முதல் வாரம் பழகிப் பார்ப்போம் என்றார். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். இந்த ஊர்ச் சட்டப்படி ஆள் வேலையில் கை வைக்கும் முன்பே அரசாங்கக் கணினியில் அவன் பெயர் ஏறியிருக்க வேண்டும். பதிவில்லாத ஓர் ஆள் பிடிபட்டால் முதலாளிக்கு 10,500 யூரோ அபராதம்.

அந்தக் கணினி முறைக்குப் பெயர் எர்கானி. அது யாருடைய பட்டப்பெயர் தெரியுமா? தேவி அதீனாவுடையது. கைத்தொழில்களின் தலைவி என்று அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று எங்களுக்குள் போட்டி வந்தபோது நான் பாறையில் சூலத்தால் குத்தி உப்புநீர் ஊற்று கொடுத்தேன், அவள் ஓர் ஒலிவ மரம் நட்டாள். நகரம் அவளுக்குப் போயிற்று. குடிக்க முடியாத தண்ணீரை யார் கேட்டது என்று இன்றைக்குவரை சிரிக்கிறார்கள். இப்போது பேருந்து அட்டையிலும் அவள் பெயர், கூலிக் கணக்கிலும் அவள் பெயர்.

முதல் வாரம் தேன் மாதிரி. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், வெள்ளிக்கிழமை மாலை 300 யூரோ, ஆறு ஐம்பது யூரோ நோட்டாக எண்ணி வைத்தார். மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவர் செலவு. இதில்தான் விழுந்தேன். மறுநாள் சனிக்கிழமையும் வாருங்கள், வேலை நெருக்கடி என்றார், போனேன். இரண்டாவது வாரம் ஆறு நாளுக்கு 150 தந்தார், "மிச்சத்தை அடுத்த வெள்ளி சேர்த்துக் கணக்கு முடிச்சிடலாம் பார்பா." மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் இன்னும் பணம் போடவில்லை என்றார். நான்காவது வாரம் கூலி கேட்டுப் போன் செய்தால் எடுக்கவே இல்லை.

நடுவில் ஒன்று நடந்தது. தரைத்தளத்தில் கடல் பக்கச் சுவர். பழைய காரையைக் கொத்தி எடுத்தால் உள்ளே கல்லெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, பஞ்சு மாதிரி. விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் உப்பு. அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இதைத் தடுக்காமல் மேலே என்ன பூசினாலும் இரண்டு மழைக்காலம் தாங்காது, உதிர்ந்து விழும் என்று சொன்னேன். இந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சைக் கேட்கலாம் இல்லையா? "ஜிப்சம் பலகையை அடிச்சு மூடிடு. வாங்குறவர் வருஷத்துல ரெண்டு நாள்கூட இங்க தங்கமாட்டார்" என்றார். மூடினேன். அந்தப் பலகைக்குப் பின்னால் உப்பு இப்போதும் பூத்துக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு இதில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஏனென்றால் இது இரண்டாவது தடவை. முதல் தடவை ட்ராயில். என்னையும் தன் மகன் அப்போலோவையும் என் சகோதரர் ஜீயஸ் ஓராண்டுக்குக் கூலிவேலைக்கு அனுப்பினார், முதலாளி லாவோமெடோன் ராஜா. நான் நகரத்துக்குச் சுவர் எழுப்பினேன், அப்போலோ இடா மலையில் மாடு மேய்த்தான். அவனும் சுவரில் கல் வைத்ததாகச் சொல்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள். ஆண்டு முடிந்து கூலி கேட்டால் ராஜா என்ன சொன்னான் தெரியுமா? கையையும் காலையும் கட்டித் தூரத்துத் தீவில் விற்றுவிடுவேன், இரண்டு பேர் காதையும் அறுத்துவிடுவேன் என்றான். ஹோமர் இதை என் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார், இலியட் 21ஆம் பாடலில் பாருங்கள். பேசியது கூலி, பேசியபடி வேலை முடிந்தது, ஒரு தாளில் கூட எழுதவில்லை.

அப்போது எனக்குச் சக்தி இருந்தது. கடலிலிருந்து ஒரு ராட்சதப் பிராணியை அனுப்பினேன். ராஜா தன் மகளையே பாறையில் கட்டிவைக்க வேண்டிய நிலை வந்தது. பிராணியைக் கொன்றால் தெய்வக் குதிரைகளைத் தருகிறேன் என்று ஹெர்குலிஸிடம் பேசி, வேலை முடிந்ததும் அவருக்கும் நாமம் போட்டான். ஹெர்குலிஸாவது எங்களிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். பிறகு அவர் கப்பல் கட்டிக்கொண்டு வந்து நகரத்தையே சூறையாடினார்.

ட்ராய் இருந்த இடம் இப்போது துருக்கியில் இருக்கும் ஹிசார்லிக் மேடு, அங்கே போனால் சாய்வாக ஏறும் சுண்ணாம்புக்கல் சுவரைப் பார்க்கலாம். 1871இல் அங்கே தோண்ட ஆரம்பித்த ஜெர்மானிய அகழ்வாளர் ஷ்லீமன் அவசரத்தில் மேல் அடுக்குகளையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு இன்னும் கீழே போய், அங்கே இருந்ததுதான் ட்ராய் என்று சொல்லிவிட்டார். கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

இந்தத் தடவை அனுப்பப் பிராணி இல்லை. கடலோரம் போய் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தீவுக்குப் போகும் கப்பல் ஒன்று ஊதிவிட்டுப் போயிற்று.

என்னைக் காப்பாற்றியது கூட வேலை செய்த அல்பேனிய மேஸ்திரி. 1991இல் மலை தாண்டி நடந்தே வந்தவர், இந்த ஊர் முதலாளிகளை எல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆரம்பத்திலிருந்தே "வைபரில் பேசு, நேரில் பேசாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னபடி தினமும் காலையில் "இன்றைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று ஒரு செய்தி போட்டேன். "ஏழு", "ஏழரை", "சிமெண்ட் வாங்கிட்டு வா" என்று ஒப்பந்தக்காரர் தன் கையாலேயே 23 நாளுக்கும் வருகைப் பதிவேடு எழுதிக் கொடுத்துவிட்டார். உப்பு பூத்த சுவரைப் படம் எடுத்து அனுப்பியதும் உதவிற்று, அதில் தேதி இருந்தது.

சங்கத்தில் ஒரு பெண்மணி தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். 1555 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். பதிவில்லாமல் வேலை பார்த்தவனுக்குப் புகார் கொடுக்க உரிமை இல்லை என்று ஒப்பந்தக்காரர்கள் பரப்பிவைத்திருக்கிறார்கள், அது பச்சைப் பொய். தப்பு பதியாத முதலாளியுடையது. கூலியை நிறுத்திவைப்பது இங்கே 1945ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பாக்கியைக் கேட்டு வழக்குப் போட ஐந்து ஆண்டு அவகாசமும் உண்டு.

விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்டார்கள், இந்த ஊரில் எந்தத் தாளை எடுத்தாலும் அது ஒரு கட்டம். குரோனோஸ் என்று எழுதினேன். இருக்கிறாரா என்று கேட்டார் அலுவலர். இருக்கிறார், பாதாளத்தில் அடைத்துவைத்திருக்கிறோம் என்று சொல்ல முடியுமா? ஊரில் இருக்கிறார் என்றேன்.

புகார் போன மறுநாளே போன் வந்தது. மூன்று வாரமாக எடுக்காத அதே ஆள். "பார்பா, உன் பிறந்த தேதி என்ன? போலீஸ் கேட்டா என்ன சொல்லுவே?" என் கை தானாகக் காதுக்குப் போயிற்று. லாவோமெடோன் வெண்கலக் கத்தியைக் காட்டினான், இவர் பிறந்த தேதியைக் காட்டுகிறார்.

விசாரணைக்கு வந்தார். முதலில் என்னைப் பார்த்ததே இல்லை என்றார். ஆய்வாளர் வைபர் செய்திகளை முன்னால் எடுத்துவைத்ததும், பார்த்திருக்கிறேன், நாலைந்து நாள் சும்மா உதவிக்கு வந்தார் என்றார். கடைசியில் 400 யூரோ எடுத்து வைத்தார். கூடவே ஒரு தாள். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். தாளில் பொடி எழுத்தில் "எனக்கு வர வேண்டிய தொகை முழுவதும் வந்துவிட்டது, வேறு எந்தப் பாக்கியும் இல்லை" என்று இருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, பேனாவை எடுத்துவிட்டேன். சாட்சிக்கு வந்திருந்த மேஸ்திரி மேசைக்கடியில் என் காலை மிதித்தார், வலிக்கிற கால்.

அவர் சொல்லித்தந்தபடி கையெழுத்துக்கு மேலே "மே எபிஃபிலாக்ஸி" என்று எழுதினேன். என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் வாங்குகிறேன் என்று அர்த்தம். கிரேக்கம் வராவிட்டாலும் இந்த இரண்டு வார்த்தையையும் எழுதப் பழகிக்கொள்ளுங்கள், எந்த முதலாளி எந்தத் தாளை நீட்டினாலும். ஒப்பந்தக்காரர் முகம் சுருங்கிற்று. மிச்சம் 530க்கு நீதிமன்றம் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போலோவிடம் இதைச் சொன்னேன். இப்போது மோனஸ்திராக்கி சதுக்கத்தில் கித்தார் வாசிக்கிறான். "சித்தப்பா, நீங்க ஏன் கட்டட வேலைக்கே போறீங்க?" என்றான். எனக்கு வேறு என்ன தெரியும்? (சித்தப்பாவா பெரியப்பாவா என்பதில் குடும்பத்தில் தகராறு உண்டு, பாடுகிற ஆளைப் பொறுத்து மாறும்.)

அடையாளம் சொல்கிறேன். வெள்ளைச் சிறு வேன், பின்பக்கம் இடது விளக்கில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். திங்கள் காலை ஆறு மணிக்குத் துறைமுகக் காபிக் கடைகளில் ஆள் பிடிப்பார். முதல் வெள்ளிக்கிழமை கூலி சல்லிக்காசு குறையாமல் வரும். எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள்.