அந்தமானா, இலங்கையா, மாலத்தீவா? சின்னப் பிள்ளையோடு கடலுக்குப் போகும் முன்

பிள்ளை பிறப்பதற்கு முன் நானும் கணவரும் கடற்கரை தேடிய விதமே வேறு. தண்ணீர் நீலமாக இருக்கிறதா, கூட்டம் குறைவா, போய்விடலாம். இப்போது நான் முதலில் கணக்குப் பார்ப்பது ஒன்றைத்தான்: சென்னையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அங்கே விடுதி அறையில் பையைக் கீழே வைக்கும் வரை, தூங்குகிற பிள்ளையை எத்தனை முறை தூக்கி இறக்க வேண்டும்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு ஐந்து முறை. விமான நிலையத்தில் காரிலிருந்து, போர்ட் பிளேயரில் விமானத்திலிருந்து, படகுத்துறையில் டாக்ஸியிலிருந்து, ஹேவ்லாக்கில் படகிலிருந்து, கடைசியாக விடுதி வாசலில் ஜீப்பிலிருந்து. இலங்கையின் உனவட்டுனவுக்கு மூன்றே முறை. மாலத்தீவுக்கும் மூன்றுதான். அங்கே விமான நிலையத்துக்கு வெளியிலேயே படகு நிற்கிறது.

அந்தமானுக்கு மகள் இரண்டரை வயதில் இருந்தபோது போனோம், இலங்கைக்கு மூன்று வயதில். மாலத்தீவுக்கு நான் போகவில்லை. என் தங்கை தன் மகனைக் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். அவள் சொன்னதையும், நாங்கள் போக நினைத்து அலசியதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தமான். பாஸ்போர்ட் வேண்டாம், கையில் ரூபாயோடு கிளம்பலாம், விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல. மூன்றிலும் கிளம்புவதற்கு மிகச் சுலபமானது இதுதான். போர்ட் பிளேயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றிவிட்டார்கள். நான் பேசிய ஓட்டுநர்கள் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொன்னார்கள், அதையும் தமிழிலேயே சொன்னார்கள். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் அவ்வளவு பேர். பிள்ளைக்கு ரசம் சாதம் கேட்டால் யாரும் விழிப்பதில்லை.

சிக்கல் போர்ட் பிளேயருக்கு அப்புறம்தான். ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகிறது. மாலைக்கு மேல் படகு கிடையாது, எனவே சென்னையிலிருந்து காலை விமானத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதற்காகப் பிள்ளையை விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்ப வேண்டியிருந்தது. படகு முழுக்க மூடிய ஏசி அறை, ஜன்னலைத் திறக்க முடியாது. திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் மகள் சாப்பிட்ட இட்லி முழுவதும் என் துப்பட்டாவில். மாற்று உடை இருந்த பை மற்ற சாமான்களோடு எங்கேயோ அடியில் கிடந்தது. ஒரு செட் உடையும் இரண்டு பிளாஸ்டிக் பையும் மடியிலேயே இருக்க வேண்டும் என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் தங்கியது தீவின் கிழக்குப் பக்கம், விஜயநகர் கடற்கரையை ஒட்டி. மரங்கள் தண்ணீர் மேலேயே சாய்ந்து நிற்கும். பாய் விரித்து உட்கார இவ்வளவு நிழல் கிடைக்கும் கடற்கரையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு வாளியும் கரண்டியுமாக இறங்கினால், கடலைக் காணோம். வற்றம் வந்து தண்ணீர் தூரத்துக்குப் பின்வாங்கி, கண்ணுக்கெட்டியவரை கல்லும் பவளத் துண்டும் சேறுமாகக் கிடக்கிறது. "அம்மா, கடல் எங்க போச்சு?" என்று மகள் கேட்டாள். விடுதியில் வேலை செய்த பையன் சிரித்துக்கொண்டே, "மத்தியானம் வந்துரும் பாப்பா" என்றான். அந்தமானில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். அறை பதிவு செய்யும்போதே ஓத நேரத்தையும் பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் அதே தீவின் ராதாநகர் கடற்கரைக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அலை உண்டு, விடுதியிலிருந்து ஜீப்பில் போகவும் வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகைகளையும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். 2010இல் ராதாநகர் பக்கம் நீந்தப் போன ஒருவரை முதலை கொன்றிருக்கிறது. உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், அவர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத இன்னொன்று, சூரியன். அந்தமான் அவ்வளவு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் மதியம் ஒன்றரைக்குத் தூங்கி நாலு மணிக்கு எழுந்து, பால் குடித்து, சிணுங்கி முடிக்கிற பிள்ளைக்குக் கடற்கரையில் மிஞ்சுவது அரை மணி நேரம். அதே கடிகாரத்தில் ஓடும் இலங்கையில் பிப்ரவரியில் ஆறேகால் வரை வெளிச்சம் இருந்தது.

ஒரு சின்னத் துக்கமும் உண்டு. அங்கே பொறுக்கிய சிப்பி, பவளம் எதையும் வெளியே கொண்டுவர அனுமதி இல்லை, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். மூன்று நாள் சேர்த்த புதையலைக் கரையிலேயே விட்டுவரச் சொல்லி ஒரு பிள்ளையைச் சமாதானம் செய்து பாருங்கள்.

இலங்கைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து, உனவட்டுனவுக்குப் பக்கத்து ஊரான காலி (Galle) வரை விரைவுச்சாலை இருக்கிறது, இரண்டரை மணி நேரத்தில் விடுதி வந்துவிடுகிறது. மகள் ஏறியதும் தூங்கி, இறங்கும்போதுதான் எழுந்தாள். ஓட்டுநர் வண்டிகளில் குழந்தை இருக்கை தானாக வராது, முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

உனவட்டுன வளைகுடாவைக் கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டு தடுப்பதால் அலை பெரும்பாலும் அடங்கியே வருகிறது. கடல் பின்வாங்கிப் போகும் கதையும் இல்லை, இலங்கைக் கரைகளில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். கரையில் கடைகளும் சாய்வு நாற்காலிகளும் நெருக்கியடிக்கின்றன. அழகில் ஹேவ்லாக்குக்கு இது பக்கத்தில்கூட வராது. ஆனால் பத்து அடி தள்ளிக் கழிப்பறை, இருபது அடி தள்ளி இடியாப்பமும் பருப்புக் கறியும், பக்கத்திலேயே செவ்விளநீர். கடல் போதும் என்று தோன்றிய ஒரு சாயங்காலம் ஆட்டோவில் காலிக் கோட்டைக்குப் போனோம். டச்சுக்காரர்களின் மதில்மேல் புல்தரையில் மகள் ஓடியது ஓட்டம். பிள்ளையோடு போகும்போது மழை நாளுக்கும் சலிப்புக்கும் இப்படி ஒரு ஊர் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். தீவில் மாட்டிக்கொண்டால் அது கிடையாது.

என் முடிவைச் சாய்த்தது மருத்துவமனைக் கணக்கும்தான். உனவட்டுனவிலிருந்து கராப்பிட்டிய பெரிய மருத்துவமனை அரை மணி நேரத்துக்குள். ஹேவ்லாக்கில் சிறிய சுகாதார நிலையம் இருக்கிறது, அதற்கு மேல் வேண்டுமென்றால் படகேறிப் போர்ட் பிளேயர் போக வேண்டும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. டெங்கு அங்கும் உண்டு, எனவே கொசு விரட்டியை மறக்கக் கூடாது.

மாலத்தீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு ஏற்ற தண்ணீர் என்று மட்டும் பார்த்தால் மூன்றிலும் அதுதான் முதல். முழங்கால் ஆழம், அலையே இல்லை, அடி வரை தெரிகிறது. இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசம், புறப்படுவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். ஆனால் எல்லாம் டாலர். 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்களில் பசுமை வரியே தலைக்கு நாளொன்றுக்கு 12 டாலர். படகுக் கட்டணத்தைத் தனியாகப் போடுவார்கள். படத்தில் எல்லோரும் காட்டும் கடல்மேல் வில்லா நமக்கு இல்லை. படிக்கட்டு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, பல இடங்களில் சின்னப் பிள்ளைகளை அங்கே தங்க விடுவதே இல்லை. கரையோர வில்லா எடுங்கள், மாலேயிலிருந்து வேகப்படகில் போகக்கூடிய தீவாகப் பாருங்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலையில் போய் இறங்கினால் இரவை மாலேயில் கழிக்க வேண்டிவரும், தூக்கி இறக்கும் கணக்கும் ஏறிவிடும். செலவு குறையட்டும் என்று மாஃபுஷி மாதிரி, ரிசார்ட் தீவாக இல்லாமல் உள்ளூர் மக்கள் வாழும் தீவுக்குப் போகலாம். தங்கை அங்கேதான் போனாள். மூன்றாம் நாள் மகனுக்குப் போரடித்துவிட்டது என்றாள்.

இனி மாதம். பள்ளி தொடங்காத பிள்ளை என்றால் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். மூன்று இடமும் அப்போதுதான் நன்றாக இருக்கும், உனவட்டுன கூடுதலாகவே. மே விடுமுறைக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. மே பாதியிலேயே அந்தமானில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும், படகு ரத்தானால் அட்டவணையே கலையும். உனவட்டுனவிலும் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். கொழும்பிலிருந்து தூரம் அதிகம், ஒரே மூச்சில் போகாமல் வழியில் ஓர் இரவு தங்கிவிட வேண்டும். டிசம்பரில் அங்கே போகாதீர்கள், வடகிழக்குப் பருவமழை நேராக அந்தக் கரையில்தான் இறங்கும்.

டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம், ஆனால் வயதைப் பயணம் செய்யும் தேதியில்தான் பார்ப்பார்கள். நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால் திரும்புவதற்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

எங்கள் மகள் ஜூனில் எல்கேஜி போகிறாள். இனிமேல் பிப்ரவரிப் பயணங்கள் கிடையாது. எனவே வரும் மே மாதம் பாசிக்குடா, போகும் வழியில் ஹபரணையில் ஓர் இரவு என்று பேசி முடித்திருக்கிறோம். கணவருக்கு இன்னும் ஹேவ்லாக் ஞாபகம்தான். பாப்பாவுக்கு ஏழு வயதாகி நீச்சலும் தெரிந்த பிறகு அங்கே மறுபடி போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாசிக்குடா படத்தைக் காட்டியபோது மகள் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் கடல் எங்கயும் போகாதில்ல?"