கிளிநொச்சிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்தக் கொடுக்கிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

கடையின் பெயரைப் போடமாட்டேன். போட்டால் நாளைக்கு நான்தான் பொய் சொன்னதாக நிற்க வேண்டிவரும். என் கையில் ஒழுங்கான பில்கூட இல்லை. அது ஏன் இல்லை என்பதும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

எங்கள் வீடு விசுவமடுப் பக்கம். வீட்டில் இருப்பது கொழும்பில் வாங்கிய பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ். வெளிநாட்டுக் கந்தோர்களில் ஓடிக் கழித்ததை இங்கே கொண்டுவந்து விற்பார்களே, அந்த வகை. இன்டெல் ஐ5 நாலாம் தலைமுறைச் சிப், 8 ஜிபி றாம் (மெமரி), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். நான் அதில் மாதர் சங்கத்துக் கணக்கு எழுதுகிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய கடந்தகால வினாத்தாள்கள், சூம் வகுப்பு எல்லாம் அதில்தான். ஒரு வருடமாக அது ஊர்ந்துகொண்டிருந்தது. பட்டனை அமத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சூம் வகுப்பில் சேருவதற்குள் ஆசிரியர் முதல் கணக்கை முடித்துவிடுவார்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை சிபியுப் பெட்டியை ஒரு உரப்பைக்குள் வைத்து ஓட்டோவில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த தம்பி போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட இல்லை.

“அக்கா, இது வைரஸ் ஏறி இறுகிப்போச்சு. விண்டோஸ் 10ஐக் கம்பனியே கைவிட்டிட்டாங்கள், இனி வேலை செய்யாது. புது எஸ்எஸ்டி ஒண்டு போட்டு, இன்னொரு 8 ஜிபி றாம் கூட்டி, ஒரிஜினல் விண்டோஸ் 11 போட்டுத் தாறன். பறக்கும்.”

எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சுற்றாத வகை டிஸ்க்) 14,000 ரூபா, றாம் 8,000, விண்டோஸ் 6,000, கூலி 2,500. கூட்டினால் 30,500. “உங்களுக்கெண்டபடியால் முப்பது தாங்கோ” என்றார். அந்த ஐந்நூறு ரூபாயைக் குறைத்த சந்தோஷத்தில் நான் வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டில் ‘சர்விஸ் 30,000’ என்று எழுதித் தந்தார். என்ன சாமான், எந்தக் கம்பனி, எத்தனை மாத வாரன்டி, ஒன்றும் இல்லை. அதுதான் நான் மேலே சொன்ன பில்.

நாலு நாளில் தந்தார்கள். அமத்தி இருபது செக்கனில் திரை வந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, உண்மையாகவே பறந்தது. நான் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து, சங்கத்தில் இரண்டு பேருக்கு அந்தக் கடைக்கு வழியும் சொல்லிவிட்டேன். அவர்களில் ஒருவர் கொண்டுபோயும் கொடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க இப்போதும் எனக்குக் கூச்சம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டேன். “அது பழுதக்கா, எறிஞ்சாச்சு. உள்ளுக்கு இருந்ததைக் கொப்பி பண்ணி வைச்சிருக்கிறன், பென்ட்றைவ் ஒண்டோட வாங்கோ” என்றார். சங்கத்துக் கணக்கு ஏற்கெனவே என்னுடைய பென்ட்றைவில் இருந்தது. அதனால் பதறவில்லை. பிறகு மூன்று தடவை போனேன். ஒருநாள் கரன்ட் இல்லை, ஒருநாள் முதலாளி இல்லை, ஒருநாள் கடையே பூட்டு.

இனித்தான் விசயம். பக்கத்து வீட்டு மாமியின் பெறாமகன் அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறார். மாசிக் கடைசியில் ஒருநாள் மாமியிடம் வந்தவரை மகள் கூட்டிவந்தாள். திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் 1,300 பிழைகள், உடனே திருத்துங்கள்’ என்று ஒரு பெட்டி அடிக்கடி எழும்பி, காசு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் காட்டத்தான் கூப்பிட்டாள். அவர் அதை ஓரமாக மூடிவிட்டு, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தினார். கொம்பியூட்டருக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டுகிற டாஸ்க் மனேஜர் வந்தது. அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அன்ரி, எவ்வளவு றாம் எண்டு சொன்னவை?”

“8 இருந்தது, 8 கூட்டினவை. 16.”

“இதில 8தான் இருக்கு. நாலு இடத்தில ஒரு இடத்திலதான் றாம் குத்தியிருக்கு.”

முன்பு எங்கள் பெட்டியில் 4 ஜிபி வீதம் இரண்டு துண்டு இருந்தது. அந்த இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு, 8 ஜிபி துண்டு ஒன்றைக் குத்தியிருக்கிறார்கள். 8,000 ரூபா கொடுத்து, இருந்த அளவையே திரும்ப வாங்கியிருக்கிறேன்!

பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு சின்ன மென்பொருளை இறக்கினார். காசில்லாதது. டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, எத்தனை தடவை போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற கணக்கெல்லாம் அந்த டிஸ்க்குக்குள்ளேயே எழுதப்பட்டிருக்குமாம். இது அதை வாசித்துக் காட்டும். என் ‘புது’ எஸ்எஸ்டி 21,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருந்தது. இரவு பகலாக நிற்பாட்டாமல் ஓடினாலே இரண்டு வருடமும் நாலைந்து மாதமும் ஆகும். என்னிடம் வந்து அப்போது ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

‘ஒரிஜினல்’ விண்டோஸ், களவாகத் திறக்கிற அக்டிவேற்றர் போட்டது. அது ஓடுவதற்காக விண்டோஸின் வைரஸ் காவலையும் நிற்பாட்டி வைத்திருந்தார்கள். அந்த 1,300 பிழைப் பெட்டியும் அதோடு கூடவே வந்த விருந்தாளியாகத்தான் இருக்கும் என்றார் மாமியின் பெறாமகன். கொழும்பில் வாங்கும்போது இதில் விண்டோஸ் 10 முறையான உரிமத்தோடுதான் இருந்தது. அந்த உரிமம் மதர்போர்ட்டோடு பதிந்திருப்பதால், அதே விண்டோஸைத் திரும்பப் போட்டால் காசில்லாமல் தானாகவே உயிர்க்குமாம். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்பது இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, அதோடு பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சிப். என்னுடையது நாலாம் தலைமுறை. அந்தச் சோதனையைச் சுற்றிப்போய் ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஏற்றினால் அப்டேட் ஒழுங்காக வரும் என்று மைக்ரோசொஃப்ட் பொறுப்பெடுப்பதில்லை.

விண்டோஸ் 10 வேலை செய்யாது என்றதும் அரைப் பொய். 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது உண்மை. ஆனால் கொம்பியூட்டர் நின்றுபோகாது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் எடுக்கலாம். இதைச் சொல்லாமல் ஆட்களைப் பயப்படுத்தி வியாபாரம் நடக்கிறது.

அப்படியென்றால் அது எப்படிப் பறந்தது? நானும் அதைத்தான் கேட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்ற, ஒரு முனை அங்கும் இங்கும் ஓடி ஓடி எழுத்தைத் தேடும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த முனை ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. அதனால் 21,000 மணித்தியாலம் தேய்ந்த எஸ்எஸ்டிகூட என் பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் குதிரைதான். இவர்களின் கெட்டித்தனமே இதில்தான் இருக்கிறது. வேகம் உண்மையாகவே வருகிறது. அதனால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. மெதுவாகவே ஓடியிருந்தால் நான் அடுத்த நாளே போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். டாஸ்க் மனேஜரைத் திறந்து, டிஸ்க் 100 வீதத்தில் நிற்க, கணக்குப் போடுகிற சிபியு சிப் சும்மா கிடந்தால், டிஸ்க்தான் இழுக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமாம். மெமரி 90 வீதத்தைத் தாண்டி நின்றால்தான் றாம் பற்றி யோசிக்க வேண்டும். எங்கள் பாவனைக்கு 8 போதும். ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததை நிற்பாட்டி, சி டிரைவை நிரம்பி வழியாமல் வைத்திருந்தாலே கொஞ்சம் மூச்சு விடும். ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீட் பூஸ்டர் என்று வருகிற எதையும் தொடவேண்டாம் என்றார். மூடியைத் திறந்து விசிறியையும் காட்டினார். நம்முடைய செம்மண் புழுதி கம்பளம் மாதிரிப் படிந்து, மூலையில் ஒரு காய்ந்த பல்லியும். கூலி 2,500 வாங்கியவர்கள் ஒரு தூரிகையால் தட்டக்கூட இல்லை. புழுதி அடைத்துச் சூடேறினால் சிபியு தன்னைக் காப்பாற்றத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்.

அடுத்த நாள் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை முதலாளி இருந்தார். முதலில் “உங்கட மெஷின் பழசு, அதில அப்பிடித்தான் காட்டும்” என்றார். பிறகு “பழைய றாம் ரெண்டும் பழுது, அதுதான் கழட்டினது” என்றார்.

“பழுதான றாமோட இவ்வளவு காலமும் எப்பிடி அண்ணை ஓடினது?” என்று பெறாமகன் கேட்டார். சத்தமே போடவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் நின்றதால் முதலாளிக்கு வேர்த்தது. றாமுக்கு வாங்கிய 8,000ஐ எடுத்துத் தந்தார். எஸ்எஸ்டி பற்றிக் கேட்க, “நான் புதுசெண்டு சொல்லேல்லையே” என்றார். துண்டில் அப்படி எழுதவில்லைதானே, என்ன செய்வது.

ஹார்ட் டிஸ்க்கை நான் விடவில்லை. ஏனென்றால் அதில் இருந்தது சும்மா படங்கள் இல்லை. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் எங்கள் அல்பம் எல்லாம் எந்தப் பங்கருக்குள் போனதென்றே தெரியாது. பிறகு கனடாவில் இருக்கிற சித்தி, முந்தி நாங்கள் அவவுக்கு அனுப்பிய படங்களைத் தேடி எடுத்து ஸ்கான் பண்ணி அனுப்பினா. அப்பா சைக்கிளோடு நிற்கிற ஒரே படமும் அதில்தான். அதோடு எல்லாருடைய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சங்கத்துப் பெண்களின் கடன் விண்ணப்பங்கள். அவை யாருடைய கையில் இருக்கின்றன என்று நினைத்தால் இரவில் நித்திரை வராது.

அரை மணித்தியாலம் நின்ற பிறகு உள்ளே போய் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து தந்தார், “இந்தாங்கோ, உங்கட சாமான்.” எறிந்தது எப்படித் திரும்பி வந்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொழுவினால் அது 320 ஜிபி. கம்பனியும் வேறு. உள்ளே இருப்பது வேறு யாரோ ஒரு குடும்பம்.

1977க்கு அடித்தேன். அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும்; பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தத் துண்டையும் டாஸ்க் மனேஜர் படங்களையும் வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் போவது இரண்டே இரண்டு வயர்தான். என்னுடையது மாதிரி டெல்லில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பிடி இருக்கும், திருகாணிகூடத் தேவையில்லை. எனக்கே இப்போது கழற்றத் தெரியும். ஏலாதென்றால், கடைக்காரரை உங்கள் கண் முன்னாலேயே கழற்றச் சொல்லிக் கையில் வாங்குங்கள். பழுதான டிஸ்க் என்றாலும் அது உங்களுடையது. மெமரி, டிஸ்க் இரண்டின் பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். புதுச் சாமானின் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள சீரியல் இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்று நிற்கிற கடையில் சாமானை இறக்கவே வேண்டாம். கிளிநொச்சியில் நல்ல கடைகளும் இருக்கின்றன. இப்போது எஸ்எஸ்டியை மாற்றி, விண்டோஸ் 10ஐத் திரும்பப் போட்டுத் தந்த கடை இதெல்லாம் நான் கேட்காமலே செய்தது.

சித்தியிடம் படங்களைத் திரும்பக் கேட்டேன். அவவின் பழைய லப்டொப் போய்விட்டது. போனில் கிடந்த பதினேழு படங்களை அனுப்பினா. சைக்கிள் படம் அதில் இல்லை. வீட்டில் தேடுகிறேன் என்றிருக்கிறா.

அந்த 320 ஜிபி டிஸ்க் என் அலுமாரிக்குள் இருக்கிறது. யாருடையது என்று அறிவதற்காக ஒரு கோப்புறையை மட்டும் திறந்தேன், மேற்கொண்டு பார்க்கவில்லை. ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், தகரக் கொட்டில் வீடு, வாசலில் தென்னோலைத் தோரணம். உங்களுடையதாக இருக்கலாம் என்று நினைத்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். கேக்கில் எழுதியிருந்த பெயரையும் கேக் என்ன நிறம் என்பதையும் சொன்னால் போதும், கொண்டுவந்து தருகிறேன்.