கோனிக்ஸே மலைக்குடில் ‘பேக்கேஜ்’: பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

“இரண்டு இரவு, தனி அறை, இரு வேளைச் சாப்பாடு, படகுச் சீட்டு, வெந்நீர்க் குளியல், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 285 யூரோ.” ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில் உள்ள பெர்க்டெஸ்காடன் தேசியப் பூங்காவில் நடைபயணம் போக, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய விளம்பரம் இது. நான்கு பேர் நம்பி, மொத்தம் 1,140 யூரோவை அந்த இடைத்தரகரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். அதில் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தது 40 யூரோ மட்டும்.

ஜெர்மனியில் படிப்பு, வேலை என்று இருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறையில் இந்தப் பக்கம் நிறையப் போகிறார்கள். அதனால் நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறோம்.

அவர்களுக்குக் கொடுத்த வழி நல்ல வழிதான். முதல் நாள் கோனிக்ஸே ஏரியில் மின்படகில் சங்க்ட் பார்த்தலோமே வரை சுமார் 35 நிமிடம். அங்கிருந்து சௌகாஸ என்ற செங்குத்துப் பள்ளத்தாக்கின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஃபுன்டன்ஸே ஏரிக்கரையில் இருக்கும் கேர்லிங்கர்ஹௌஸ் குடில். ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர், நான்கு மணி நேரம். மறுநாள் ட்ரிஷ்யூபல் கணவாய் வழியாக ஐந்தாறு மணி நேரம் நடந்து விம்பாக்கிரீஸ் குடில். மூன்றாம் நாள் விம்பாக் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சாலையில் பேருந்து.

முதல் இரவே குட்டு வெளிப்பட்டது. குடிலின் பட்டியலில் நால்வர் பெயரும் இல்லை. இடைத்தரகரின் பெயரில் நான்கு இடம் இருந்தது. ஆனால் அது தனி அறை இல்லை, லாகர். லாகர் என்றால் பெரிய கூடத்தில் மெத்தைகளை வரிசையாகப் போட்டு, முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் படுக்கும் இடம். அதுவும் நால்வரும் ஆல்பைன் சங்க (இந்தக் குடில்களை நடத்தும் மலையேறுவோர் அமைப்பு) உறுப்பினர்கள் என்று பதிவாகியிருந்தது. உறுப்பினர் அட்டை கேட்டார்கள், யாரிடமும் இல்லை. அட்டை இல்லாவிட்டால் உறுப்பினர் அல்லாதவருக்கான கட்டணம்தான். படுக்கைக் காசு, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாவற்றையும் அங்கேயே மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. ஆளுக்கு 10 யூரோ முன்பணம் மட்டும் கழிந்தது.

இதில் குடில்காரர்கள்மேல் குற்றமே இல்லை. அவர்களுக்கு வந்த பதிவு அப்படி. இதைச் சொல்லக் காரணம் உண்டு: ஏமாந்து வந்தவர்கள் கோபத்தைக் குடில் மேசையில் இருக்கும் பெண்ணிடம் காட்டுகிறார்கள். எழுபது பேருக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருப்பவர் அவர். ஐயா, அம்மா என்று பொறுமையாகப் பேசினால் அந்த மலையில் நமக்கு உதவக்கூடிய ஒரே ஆளும் அவர்தான்.

இரண்டாம் இரவு நிலைமை இன்னும் மோசம். விம்பாக்கிரீஸ் குடில் ஆல்பைன் சங்கத்துடையது அல்ல. நாட்டூர்ஃப்ராய்ண்டெ என்ற வேறு அமைப்பினுடையது, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இடைத்தரகர் அந்தப் பக்கம் போகவே இல்லை. குடில் நிரம்பிவிட்டது. கணவாய் ஏறி இறங்கிய காலோடு இன்னும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், பேருந்து நிற்கும் சாலையில் உள்ள விம்பாக்பிரூக்கெ வரை நடந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்கச் சரளைக்கல். ஆறு அந்தச் சரளைக்கு அடியில் ஓடுவதால் மேலே நீண்ட தூரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் தெரியாது. பாதிவழியில் வரும் விம்பாக்‌ஷ்லாஸில் சாப்பாடு உண்டு, படுக்கை கிடையாது.

கூடாரம் அடித்துச் சமாளிக்கலாமே என்று நினைக்காதீர்கள். பூங்கா எல்லைக்குள் கூடாரமும் கூடாது, திறந்த வெளியில் படுப்பதும் கூடாது, தீ மூட்டுவதும் கூடாது. காவலர்கள் உண்மையாகவே சுற்றி வருகிறார்கள், அபராதம் உண்டு. முதல் நாளே திரும்பிவிடலாம் என்றாலும் எளிதில்லை. சங்க்ட் பார்த்தலோமேயிலிருந்து, படகு புறப்பட்ட ஊருக்கு ஏரிக்கரையோரமாக நடைபாதை கிடையாது. கடைசிப் படகு போய்விட்டால் மீதி இருப்பது கைதேர்ந்தவர்களுக்கான மலைப்பாதை மட்டும். கேர்லிங்கர்ஹௌஸிலிருந்து அடுத்த குடிலுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் கல் கடல் என்றே பெயர் பெற்ற சுண்ணாம்புப் பாறை மேட்டைத் தாண்டி. மூடுபனி இறங்கினால் அங்கே பாதைக்குறி கண்ணுக்குத் தெரியாது. நகரத்தில் ஹோட்டல் அறை இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்குப் போகலாம். இங்கே படுக்கை இல்லாதது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் இந்த ஏமாற்று இவ்வளவு உறுத்துகிறது.

இனி, இடைத்தரகர் எப்படி இதைச் செய்தார் என்பது. ஆல்பைன் சங்கக் குடில்களில் பெரும்பாலானவற்றை ஹட்-ரிசர்வேஷன் டாட் ஆர்க் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். முழுக் கட்டணம் கேட்பதில்லை. பல குடில்களில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ முன்பணம், மீதியைக் குடிலில் கட்டலாம். இந்த இடைவெளிதான் அவருக்கு வசதி. 40 யூரோ கட்டினால் உண்மையான உறுதி மின்னஞ்சல் வந்துவிடும். அதை வெட்டி, தன் விலைப்பட்டியலோடு ஒட்டி பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தார். நால்வர் கையில் இருந்த தாளைப் பார்த்தோம். குடிலின் பெயரும் தேதியும் இருக்கின்றன. பதிவு எண் இருக்க வேண்டிய மேல் வரி இல்லை. படுக்கை வகை எழுதிய வரியும் இல்லை. வெட்டிய இடத்தில் எழுத்தின் வால் ஒன்று மட்டும் மிச்சம் தெரிகிறது.

ஆகவே, யாரிடம் வாங்கினாலும் உறுதித்தாளில் இவை இருக்கிறதா பாருங்கள்: பதிவு எண், குடில், தேதி, எத்தனை பேர், அதில் உறுப்பினர் எத்தனை பேர், அறையா லாகரா, குழுத்தலைவர் பெயர், கட்டிய முன்பணம், ரத்து செய்யக் கடைசித் தேதி. பிறகு அந்த எண்ணைச் சொல்லி நேரே குடிலுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், ஆங்கிலம் போதும். தொலைபேசி என்றால் சாப்பாட்டு நேரத்தில் அழைக்க வேண்டாம். குழுத்தலைவர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். ரத்துசெய்யும் உரிமை அவர் கையில் இருக்கும்வரை உங்கள் படுக்கை உங்களுடையது அல்ல.

இன்னொரு சோதனை, பலருக்கும் தெரியாதது. ஜெர்மன் சட்டப்படி, தங்குமிடத்தோடு படகு போன்ற போக்குவரத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது பாக்கேஜ் பயணம். பயணம் முடியும் முன்பே பணம் வாங்க வேண்டுமென்றால், ஸிஷருங்ஸ்ஷைன் என்ற காப்பீட்டுச் சான்றை விற்பவர் முதலில் கொடுத்தாக வேண்டும். நிறுவனம் திவாலானால் பணம் திரும்பக் கிடைப்பதற்கான சான்று அது. “ஸிஷருங்ஸ்ஷைன் அனுப்புங்கள்” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். முறையாகத் தொழில் செய்பவர் உடனே அனுப்புவார். மற்றவர் பேச்சை மாற்றுவார், இல்லையென்றால் “நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்று அவசரப்படுத்துவார். நால்வரிடம் பணம் வாங்கிய இடைத்தரகர் அவசரப்படுத்தினார்.

பணம் அனுப்பும் விதமும் முக்கியம். வங்கிப் பரிமாற்றம் போனால் போனதுதான், அதே நாளில் வங்கியைக் கூப்பிட்டால் ஒருவேளை நிறுத்தலாம். கிரெடிட் கார்டு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், குறை தெரிந்த அந்த நிமிடமே விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு சொன்னால் “அப்போதே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்பேன்” என்று தட்டிக்கழிக்க இடம் கிடைத்துவிடும். குடிலில் மறுபடி கட்டிய ரசீதுகளை எல்லாம் வாங்கி வையுங்கள். பாக்கேஜ் பயணக் குறைகளுக்கான உரிமை பயணம் முடிந்து இரண்டு ஆண்டில் காலாவதியாகும். பவேரியா போலீசுக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நால்வரும் கொடுத்திருக்கிறார்கள்.

வெந்நீர்க் குளியல் பற்றிக் கொஞ்சம். இந்த உயரத்தில் தண்ணீரும் மின்சாரமும் அளந்து செலவழிப்பவை. குளியல் இருந்தால் பெரும்பாலும் காசு போட்டுச் சில நிமிடம், பல குடில்களில் அதுவும் இல்லை. விலையில் சேர்த்திருக்கிறது என்று ஒருவர் எழுதினால், அவர் அந்தக் குடிலைக் கண்ணால் பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்களே பதிவு செய்துகொண்டு போவதாக இருந்தால், ஆளுக்கு ஒரு மெல்லிய துணி உறக்கப்பை கட்டாயம், போர்வை அங்கே இருக்கும். கையில் ரொக்கம் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது, நெற்றிவிளக்கும் காதடைப்பானும் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை உங்கள் முதுகிலேயே இறங்கும். பூங்காவின் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் இல்லாததால் பதிவுத்தாளை அச்சடித்துக் கொண்டுபோங்கள். வருடத்தில் பல இரவுகள் குடில்களில் தங்குவீர்கள் என்றால் ஆல்பைன் சங்கத்தில் சேர்ந்துவிடுவதே லாபம். படுக்கைக் கட்டணம் குறையும், தேநீர் போட வெந்நீர் கேட்டு வாங்கும் உரிமை உண்டு, மலைமீட்புச் செலவுக்கான காப்பீடும் சேர்ந்து வரும்.

கடைசியாக அந்த விளம்பரப் படம். கோனிக்ஸேக்கு மேலே, அருவி விளிம்பில் இயற்கைக் குளம் ஒன்றில் ஒரு பெண் மிதப்பதுபோல இருக்கும். அது கோனிக்ஸ்பாக் அருவி. 2019-ல் இரண்டு இளைஞர்கள் அங்கே மூழ்கி இறந்தார்கள். படமெடுக்க வந்த கூட்டம் செடிகொடிகளை மிதித்துத் தேய்த்ததால் 2021-ல் அந்த இடத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மூடினார்கள். அங்கே கூட்டிப்போவதாகச் சொல்பவர் எதைப் பற்றியும் கவலைப்படாதவர்.

அதே படம் இப்போது வேறொரு பெயரில், ஆளுக்கு 310 யூரோ என்று சுற்றுகிறது. “தனி அறை, வெந்நீர்க் குளியல்” என்ற வரிகூட மாறவில்லை. உங்கள் குழுவில் வந்தால், பகிர்ந்தவரிடம் ஸிஷருங்ஸ்ஷைனையும் பதிவு எண்ணையும் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்.